நின்ற இயந்திரமும் தருக்க சாத்திரமும்

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், அதற்குரியவர் முதலிற் செய்வது யாது? கிக்கரை உதைப்பார். இயந்திரம் உயிர்க்காவிடின் மேலும் உதைப்பார். அதற்குள் அயலிலுள்ளார் மூவர் வந்து சூழ்ந்து கொள்வர். "பிளக் போயிருக்கும்" என்பார் ஒருவர். "பற்றறி சரியில்லை" என்பார் மற்றொருவர். "காபரேற்றரைக் கழற்ற வேணும்" என்பார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணமுடையோரே. ஆயின், இயந்திரம் நின்றபோது மூவரும் அங்கிருந்தவரல்லர். அது எவ்வாறு நின்றது என்று மூவரில் ஒருவராவது கேட்பதுமில்லை.

நோயை அறியுமுன் மருந்தைத் தேடும் இவ்வழக்கத்தினால் நட்டமடைவோர் நம்மிடையே பலர். 2020 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேதான் அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. வன்னிப் பகுதியிற் படிப்பிக்கச் சென்ற இளம் ஆசிரியர் பலர், கடன்பட்டுப் பழைய வண்டிகளை வாங்கினர். அவ்வண்டி மாலைப் பொழுதில் யானை நடமாடும் காட்டுவழியில் நின்றுவிட்டால் அதனைச் சிறு தொல்லை என்று சொல்லுதல் ஆகாது. மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி வேண்டாத உதிரிப்பாகங்களுக்குச் செல்வதும் அத்தகையதே.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிளில் என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். அதற்கு விடை இரண்டு.

முதலாவது விடை, யாழ்ப்பாணத்தவர் பலருக்கும் பொதுவானது. 1990 ஆம் ஆண்டின் பின், போர்க்காலத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது எனக்கு வயது இருபது அளவில். மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காற்றுப் புகும் வழியிலே விட்டு, இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவோம். உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் ஒன்றை மாற்றிப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எது பழுது என்று முதலில் அறிந்தே ஆகவேண்டும். அக்காலத்தில் வாகனம் வைத்திருந்தோர் ஒவ்வொருவரும் அரை மெக்கானிக் ஆனது அவ்வாறுதான்.

இரண்டாவது விடை என் தொழிலைச் சார்ந்தது. பண்டித வகுப்பு மாணவர்க்குத் தருக்கம் படிப்பித்து வருகின்றேன். சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்துத் தந்த தருக்க சங்கிரகத்தை மாணவர்கள் மனனஞ் செய்கின்றார்கள். மலையிலே புகை கண்டு நெருப்பை அநுமானிக்கின்றார்கள். அம்மலையை விட்டு இறங்கி வருவோர் மிகச் சிலர். அநுமானம் என்பது பரீட்சைக்கு மாத்திரம் உரிய பொருளன்று என்பதைக் காட்டுதற்கு, வீதியோரத்தில் நின்றுபோன இயந்திரத்திலும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

இயந்திரம் ஓடுவதற்கு வேண்டுவன மூன்று. பெற்றோலும் காற்றும் தக்க அளவிற் கலந்த கலவை ஒன்று. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். அக்கலவையை உருளையினுள் இறுக்கும் அமுக்கம் இரண்டாவது. உரிய கணத்திலே தோன்றும் தீப்பொறி மூன்றாவது. இம்மூன்றும் உளவாயின் இயந்திரம் ஓடும். நின்றுவிட்டதாயின் மூன்றில் ஒன்று இல்லாது போயிற்று என்பது துணிபு. எது இல்லாது போயிற்று என்பதே ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்கு இயந்திரமே சான்று கூறும். நாம் கேட்க வேண்டும்.

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து விடுமுறையிலே, என் பழைய மாணவர் ஒருவருடன் திருகோணமலைக்குச் சென்றேன். பிரெட்றிக் கோட்டை வாயிலிலே பொறிக்கப்பட்டுள்ள, குளக்கோட்டன் பெயர் கூறும் கல்வெட்டைக் காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவர் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். வண்டி அவருடையது; 125 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ளது; பிறரொருவர் பாவித்தது. அதனிடத்தில் ஒரு குறை இருந்தது. நெடுந்தூரம் ஓடினால் நின்றுவிடும். ஒரு கராஜிலே பிளக்கை மாற்றினர். மற்றொன்றிலே பற்றறியை மாற்றினர். மூன்றாவது கராஜில், "கொயில் சூடேறிச் செத்துப்போகுது, புதிசு போட வேணும்" என்றனர். அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திற் சுகவீனமாக இருந்தார். வெள்ளிதோறும் தாயைப் பார்க்க வருவதற்கென்றே கடன்பட்டு வாங்கிய வண்டி அது. அதனை வந்த விலைக்கு விற்றுவிடுவதென்று அவர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

பளையைக் கடந்து, ஆனையிறவு வெளியை அணுகும்போது இயந்திரம் இருமிற்று. சிறிது தூரம் இழுத்தது. பின்னர் நின்றது. அவர் கிக்கரில் கால் வைத்தார். "உதையாதையும் தம்பி. கேக்கிறதுக்குப் பதில் சொல்லும்" என்றேன். வீதியோரத்தில் நின்றபடியே எங்கள் வினாவிடை நிகழ்ந்தது.

"சுவிச்சை நிப்பாட்டினமாதிரிச் சடாரெண்டு நிக்குமோ, இப்பிடி இருமித்தான் நிக்குமோ?"

"எப்பவும் இப்பிடித்தான் ஐயா. இழுத்து இழுத்துத்தான் நிக்கும்."

"ஊருக்குள்ளை ஓடேக்கையும் நிக்குமோ?"

"ஒரு நாளும் இல்லை ஐயா. பெரிய றோட்டிலை கொஞ்சம் வேகமாய்ப் பிடிச்சால்தான்."

"நிண்டாப் பிறகு என்ன செய்வீர்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டால் தானாய் வெளிக்கிடும்."

"எப்ப நல்லாய் ஓடும்?"

சிறிது யோசித்தார். "பெற்றோல் அடிச்ச உடனை நல்லாய் ஓடும். அதாலை முந்தி அடிச்ச பெற்றோலிலை கலப்படம் எண்டு நினைச்சன்."

நான்கு விடைகளையும் அடுக்கிப் பார்ப்போம். இருமி நின்றது என்பதால் தீப்பொறியிலும் பார்க்க எரிபொருளையே முதலில் ஐயுறல் வேண்டும். மின்சாரம் அறுந்தால் இயந்திரம் பெரும்பாலும் விளக்கணைவது போல் ஒரு கணத்தில் ஓயும். எரிபொருள் குறைந்தால் நீரின்றி வாடும் பயிர்போலச் சிறிது சிறிதாக ஓயும். ஆயினும் இது பெரும்பான்மை பற்றிய விதியே. சூடேறிய கொயிலும் சிலவேளை விட்டுவிட்டுப் பொறி தந்து இயந்திரத்தை இரும வைக்கும்.

மூன்றாவது விடையே மூன்றாவது கராஜினரை மயக்கியது. "ஆறவிட்டால் ஓடுகிறது, ஆகவே சூட்டினாற் கெடும் கொயிலே பழுது" என்பது அவர்களுடைய அநுமானம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆறவிட்டால் ஓடுதல் என்னும் அடையாளம் கொயிற் பழுதுக்கு மாத்திரம் உரியதாயின் அவ்வநுமானம் நிற்கும். அஃது அவ்வாறன்று. வேறொரு பழுதுக்கும் அதே அடையாளம் உண்டு. அந்தப் பழுது பெற்றோற் தாங்கியின் மூடியிலே உள்ளது.

தாங்கியிலுள்ள பெற்றோல் தன் பாரத்தினாலே கீழிறங்கிக் காபரேற்றரை அடைகின்றது. இறங்கிய பெற்றோலின் இடத்தை நிரப்புதற்குக் காற்று உட்புக வேண்டும். அதற்கென மூடியிலே ஒரு நுண்துளை உண்டு. ரின்பாற் பேணியில் ஒரு துளை மாத்திரம் இட்டுக் கவிழ்த்துப் பார்த்தவர் இதன் உண்மையை அறிவர். இரண்டாவது துளை இட்ட பின்னரே பால் ஒழுங்காக ஒழுகும். மூடித்துளை அடைபட்டால் தாங்கியினுள் அமுக்கம் குறையும். பெற்றோல் இறங்கத் தயங்கும். காபரேற்றர்க் கிண்ணம் வற்றும். இயந்திரம் இருமி நிற்கும். பத்து நிமிடம் செல்ல, நுண்ணிய இடுக்குகளூடே காற்றுக் கசிந்து உட்புகும். பெற்றோல் மறுபடியும் இறங்கும். இயந்திரம் தானாக ஓடும். கொயில் ஆறுவதற்கும் பத்து நிமிடம். காற்றுக் கசிவதற்கும் பத்து நிமிடம். ஏது ஒன்று, சாத்தியம் இரண்டு.

மணிமேகலையின் 29 ஆம் காதை, ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாதவற்றை ஏதுப்போலி என்று மூன்றாக வகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று அநைகாந்திகம். நிறுவக் கருதிய பொருள் உள்ள இடத்தும், அஃது இல்லாத இடத்தும் ஒருங்கே காணப்படும் ஏது நிறுவ வல்லதன்று என்பது அதன் கருத்து. மூன்றாவது கராஜிற் சொல்லப்பட்ட ஏது அத்தகையதே. அறிஞர்க்கு மாத்திரம் உரிய குற்றமென்று நாம் எண்ணியிருக்கும் ஒன்று, ஆயிரக்கணக்கான ரூபாவைக் கொண்டுபோகக் கூடியதாய் வீதியோரத்திலே நிற்கின்றது.

இரண்டாவது விடையும் நான்காவது விடையும் மூடியையே சுட்டின. துளை முற்றாக அடைபட்டிருந்தால் வண்டி ஊருக்குள்ளேயே நின்றிருக்கும். ஊசிமுனையளவு வழி எஞ்சியிருந்தபடியால் மெதுவான ஓட்டத்துக்கு அது போதியதாயிற்று. நெடுஞ்சாலையில் வேகம் கூட, பெற்றோற் செலவும் கூட, அவ்வழி போதாதாயிற்று. பெற்றோல் இட்டவுடன் நன்றாக ஓடியது எதனால்? பெற்றோல் இடுவதற்கு மூடியைத் திறக்க வேண்டும் அன்றோ! அப்பொழுது காற்றும் உட்சென்றது.

ஐயம் இவ்வளவு தெளிவானபோதும் அதனைத் துணிபு என்று கொள்ளலாகாது. சோதனை வேண்டும். இச்சோதனையிற் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சான்று விரைவில் அழியும். நின்ற வண்டியைச் சுற்றி நின்று பத்து நிமிடம் உரையாடினால், கொயிலும் ஆறிவிடும், காற்றும் கசிந்துவிடும். பின்னர் எதனையும் பிரித்தறிய இயலாது. ஆனையிறவில் எங்களுக்கு நேர்ந்தது அதுவே. உரையாடி முடித்தபோது இயந்திரம் தானே உயிர்த்தது. ஆகவே அடுத்த முறைக்காகக் காத்திருந்தோம். கிளிநொச்சியிற் பெற்றோல் இட்டோம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரை வணங்கிக் கச்சான் வாங்கினோம். மாங்குளத்தைக் கடந்து சில கிலோமீற்றர் சென்றபின் இருமல் தொடங்கிற்று.

வண்டி நின்ற அக்கணமே தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறப்பைத் திருப்பியதும் காற்று உட்புகும் சீறல் ஒலி இருவர் காதுக்கும் தெளிவாகக் கேட்டது. மூடியை மீண்டும் இட்டு, காபரேற்றர் நிரம்புவதற்கு அரை நிமிடம் பொறுத்து, ஒரு முறை உதைத்தார். இயந்திரம் ஓடியது. அரை நிமிடத்திலே கொயில் ஆறியிருக்க இயலாது. ஒரு செயலினால் இரண்டு ஐயங்களில் ஒன்று நீங்கிற்று; மற்றது வலுப்பெற்றது.

ஒருமுறை கண்டது போதாது. உள்ளவிடத்து உள்ளதாதலும் இல்லாதவிடத்து இல்லாதாதலும் ஆகிய இரண்டையும் காணல் வேண்டும். வடநூலார் இவற்றை அன்வயம், வியதிரேகம் என்பர். புளியங்குளம் வரையும் சில கிலோமீற்றருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து மூடினோம். இருமல் எழவில்லை. புளியங்குளத்திலிருந்து வேண்டுமென்றே திறவாமற் சென்றோம். ஓமந்தையைக் கடந்ததும் இருமல் எழுந்தது. மூடியைத் திறந்தோம், நீங்கிற்று. இனி ஐயத்துக்கு இடமில்லை.

வவுனியாவிலே ஒரு சிறு கராஜில் மூடியைக் கழற்றிப் பார்த்தனர். துருவும் புழுதியும் மெருகு மெழுகும் கலந்து இறுகித் துளையை அடைத்திருந்தன. மெக்கானிக் மெல்லிய கம்பியாற் குத்தி, காற்றடித்து, வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "இதுக்கென்ன காசு, தம்பி? ரெண்டு குத்துத்தானே" என்றார். நாங்கள் வற்புறுத்தியதன்மேல் தேநீர் ஒன்று மாத்திரம் ஏற்றுக்கொண்டார். ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை வரையும் இயந்திரம் இருமவே இல்லை. காட்டுவழியை வெயில் இருக்கும்போதே கடந்தோம். கல்வெட்டையும் கண்டோம்.

வழியிலே அவர், வண்டியை விற்றவரைக் குறித்துச் சிறிது கடுமையாகப் பேசினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விற்றவர் வயதானவர். சந்தைக்கும் கோயிலுக்குமாக அவ்வண்டியை ஓட்டியவர். வாரந்தோறும் துடைத்து மெருகிட்டவர். அம்மெருகும் துளையை அடைத்தவற்றுள் ஒன்று. குறை அவர் காலத்திலேயே இருந்திருக்கலாம். அதனை வெளிப்படுத்தும் தூரத்தை அவர் ஒருநாளும் ஓடியதில்லை. பாவித்த வண்டியை வாங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டியது இது. ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பது ஊருக்குள் ஓடும் என்பதையே காட்டும். நெடும்பயணத்துக்கு வேண்டுமாயின் 30 அல்லது 40 கிலோமீற்றராவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

எல்லா வண்டியும் மூடித்துளையினால் நிற்பதில்லை. ஆதலால் இயந்திரம் நிற்கும் முறைகளைச் சிறிது வகுத்துக் கூறுவது பயன்தரும்.

திடீரென ஓய்ந்தால் மின்னை நோக்குக. ஹோர்ணும் விளக்கும் கூடவே ஓய்ந்திருந்தால் பற்றறி முனைகள் தளர்ந்தனவா, பியூஸ் எரிந்ததா என்று பார்த்தல் வேண்டும். அவை நன்றாயிருந்து இயந்திரம் மாத்திரம் ஓய்ந்திருந்தால், கைபிடியிலுள்ள நிறுத்தும் சுவிச்சு, பக்க ஸ்ராண்டின் சுவிச்சு, பிளக் மூடி, கொயில் என்ற வரிசையிலே செல்க. மழையில் மாத்திரம் நின்றால் பிளக் மூடியும் வயரும் ஈரம் ஏற்கின்றனவோ என்று ஐயுறுக.

சந்தியில் வேகம் குறைக்கும்போது மாத்திரம் ஓய்ந்தால் மெதுவோட்டத்தை நோக்குக. திருகாணி தாழ்ந்திருக்கலாம். நெடுநாள் ஓடாது நின்ற வண்டியாயின் பழைய பெற்றோல் பிசினாகி, மெதுவோட்டத்துக்குரிய சிறு துவாரத்தை அடைத்திருக்கலாம். காபரேற்றருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள றப்பர் வெடித்துக் காற்றை உள்ளே விடலாம்.

பிளக்கின் முனையும் ஒரு சாட்சி. இளம் பழுப்பு நிறமாயின் கலவை நன்று. உலர்ந்த கரிபிடித்துக் கறுத்திருந்தாற் பெற்றோல் மிகுதி. சோக் இழுத்தபடியே கிடக்கலாம், அல்லது காற்று வடிகட்டி அடைந்திருக்கலாம். வெளிறியிருந்தாற் காற்று மிகுதி. காபரேற்றர் உள்ள வண்டியில் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவோர், அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் பெற்றோல் மிகுந்து இயந்திரம் சோர்வதைக் காண்பர். அது பழுதன்று. இறங்கினால் நீங்கும்.

சூடேறியபின் உதைக்கும்போது கிக்கர் வழக்கத்திலும் இலேசாக இறங்கினால் அமுக்கம் குறைந்ததென்று கொள்க. வால்வின் இடைவெளி குறுகி, சூட்டில் வால்வு முற்றாக மூடாதிருக்கலாம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

எரிபொருளைப் பம்பியினாற் செலுத்தும் புதுவகை வண்டிகளிற் காபரேற்றர் இல்லை. திறப்பைத் திருப்பியவுடன் தாங்கியினுள்ளே பம்பியின் மெல்லிய ஒலி ஓரிரு செக்கன்கள் கேட்கவேண்டும். கேளாவிடின் பியூஸையும் பம்பியையும் ஐயுறுக. அத்தாங்கிக்கும் காற்று வழி வேண்டும் என்பதை மறவற்க.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே பார்க்க வேண்டியது ஒன்று: பெற்றோல் இருக்கின்றதா? இது நகைப்புக்குரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக், 1968 ஆம் ஆண்டிலே தம் மகனோடு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை மோட்டார் சைக்கிளிற் சென்றவர். அப்பயணத்தை அடியொற்றி 1974 இல் அவர் வெளியிட்ட, ஸென் நெறியையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பாகக் கொண்ட நூல் உலகப் புகழ் பெற்றது. அதிலே, முந்திய பயணம் ஒன்று கைவிடப்பட்ட கதை வருகின்றது. கடும் மழையில் வண்டி நின்றது. ஆட்டிப் பார்த்தபோது தாங்கியிற் பெற்றோல் அலம்பும் ஒலி கேட்டது. ஆகவே பெற்றோல் உண்டென்று கொண்டு, பிறவற்றையெல்லாம் சோதித்தார், பயன் இல்லை. பயணத்தை விட்டு வீடு திரும்பினர். பின்னொரு நாள் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோதே உண்மை தெரிந்தது. அலம்பியது றிசேவிலிருந்த பெற்றோல். அதற்குரிய வழி திறக்கப்படவில்லை. ஒலி கேட்டது மெய். அதிலிருந்து துணிந்த பொருள்தான் பொய்த்தது.

எச்சரிக்கை இரண்டு சொல்லவேண்டும். வண்டியை வீதியை விட்டு நன்றாக ஒதுக்கிய பின்னரே எச்சோதனையும் செய்க. பெற்றோல் மூடியைத் திறக்கும்போது அருகே சுருட்டோ தீக்குச்சியோ வேண்டாம். தீப்பொறியைச் சோதிக்கும்போது பெற்றோல் மூடியும் திறந்திருக்க வேண்டாம். யானை உலவும் வழியில் மாலைப் பொழுதில் நின்றுவிட்டாற் சோதனையை மறுநாளைக்கு வைத்து, வரும் வாகனத்தை மறித்து ஏறிக்கொள்க.

அந்த இளம் ஆசிரியர் வண்டியை விற்கவில்லை. வெள்ளிதோறும் தாயாரைப் பார்க்க வருகின்றார். கொயில் வாங்கவிருந்த பணத்திற் புதிய ரயர் ஒன்று வாங்கியதாகச் சொன்னார், அது வேண்டியதே.

பாவித்த வண்டி ஓட்டும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளக் கழற்றும் சாவியோடும் உபரிப் பிளக்கோடும் ஒரு சிறு கொப்பியையும் பென்சிலையும் வைத்திருங்கள். வண்டி நின்றால் முதலில் எழுதுங்கள்: திடீரென நின்றதா, இருமி நின்றதா, எவ்வளவு தூரம் ஓடியபின், எந்த வேகத்தில், என்ன செய்தபின் மீண்டும் ஓடியது. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். கராஜுக்குச் செல்லும்போது அந்தத் தாளையும் கொண்டு செல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதை வாசித்த பின்னரே சாவியை எடுப்பார்.